பதிலுக்கு இரண்டு தட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அம்மாவும் நானும் பாப்பாவும் நலம். நலம் என்று போடாவிட்டால் கடிதம் நகராது என்பதற்காகப் போட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, பாப்பாவுக்கு முன்பல் விழுந்திருக்கிறது, எனக்கு வழக்கம்போல வாய் நீளம். மற்றபடி நலம்தான்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. நம் பட்டறைக்குத் தகடு ஏற்றி வரும் லாரி டிரைவர், நீ மூட்டை தூக்கும் கிடங்கில் உன்னைப் பார்த்திருக்கிறார். ஆள் பாதியாக இளைத்துவிட்டாய் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "அவன் எந்தக் கதவையும் தட்டவே மாட்டான்மா. யாராவது திறக்கிற வரைக்கும் சும்மா வாசல்லயே நிப்பான்" என்றும் சொன்னார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று. உன் அண்ணன் போன பிறகு பட்டறையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். நீ பார்த்த அதே வேலை. டேங்கருக்குள் ஆள் வெல்டிங் செய்யும்போது மேலே, ஆள் இறங்கும் மூடியருகில் நான் நிற்பேன். அவ்வப்போது இரண்டு தட்டு தட்டுவேன். உள்ளிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு வர வேண்டும். இப்போது விதியைக் கடுமையாக்கிவிட்டார்கள். காற்றை மீட்டர் வைத்து அளக்காமல் யாரும் இறங்கக் கூடாது, இடுப்பில் கயிறு இருக்க வேண்டும், மேலே நிற்பவருக்கு வேறு எந்த வேலையும் சொல்லக் கூடாது.

நினைத்தால் வயிறு எரிகிறது. உன் அண்ணன் உயிரை வாங்கிய அந்த ஆசிட் டேங்கரில் எல்லாமே விதிப்படிதான் செய்தார்கள். தகட்டின் கனம் சரி. ஆசிட் அலைமோதாமல் இருக்க உள்ளே தடுப்புகள். கவிழ்ந்தாலும் வால்வு உடையாமல் இருக்கக் காப்பு. ரோட்டில் போகிற முன்பின் தெரியாதவர்களுக்காக அவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தார் உன் அண்ணன். அவருக்கான விதி மட்டும் சுவரில் பெயின்ட் எழுத்தாகவே இருந்தது. வெல்டிங்குக்கு விடுகிற ஆர்கான் வாயு குழாயில் கசிந்து, மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிட்டு உள்ளே தேங்கியிருக்கிறது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, இருமல்கூட வராதாம். தூக்கம் வருவதுபோல் சாய்ந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரோ என்னவோ.

தம்பி, போன வாரம் அந்த டேங்கர் திரும்பி வந்தது.

ஆபத்தான சரக்கு ஏற்றுகிற டேங்கரைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மறுபடி சோதித்தாக வேண்டும், அதுவும் விதிதானே. பெயின்ட் மாறியிருந்தது. பக்கத்தில் ரிவெட் அடித்த நம்பர் தகட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு ஆளை நிற்கச் சொல்லட்டுமா என்று ஃபிட்டர் கேட்டார். ஒட்டடைக்குச்சி என்று நீ பெயர் வைத்தாயே, அவர்தான். வேண்டாம், நானே நிற்கிறேன் என்றேன்.

அவர் இறங்குவதற்கு முன்பு, டேங்கர் காலியாக இருக்கும்போதே, நான் இரண்டு தட்டு தட்டினேன். ஏன் என்று கேட்காதே. உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது. "வெயில் ஏறுதுல்லக்கா, தகடு விரியுது. அப்படித்தான் சத்தம் வரும்" என்றார் ஒட்டடைக்குச்சி. இருக்கலாம். ஆனால் அவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

காற்றை அளந்து, கயிறு கட்டி, அவர் இறங்கினார். ஒரு தடுப்பில் விரிசல், அதை ஒட்ட வேண்டும். நான் தட்டினேன், அவர் தட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே போனது. திடீரென்று கீழே மேனேஜர் வந்து கத்தினார். சோதனை அதிகாரி வந்துவிட்டாராம், கேட் பூட்டியிருக்கிறதாம், ஒரு நிமிஷம் இறங்கி வந்து திறந்துவிட வேண்டுமாம். உன் அண்ணன் உள்ளே இருந்த அன்றைக்கு, லாரியைத் தள்ளி நிறுத்தச் சொல்லி மேலே நின்ற உன்னைக் கூப்பிட்டாரே, அதே குரல்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. என் கால் இறங்கப் போய்விட்டது, தம்பி. எனக்கு விதி தெரியும். அது எந்த டேங்கர் என்று தெரியும். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் அந்தக் குரல் கேட்டதும் வலது கால் தானாக ஏணிப்படியில் இறங்கிவிட்டது. அப்போது உள்ளிருந்து இரண்டு தட்டு. நான் தட்டவே இல்லை. பயந்துபோய்க் காலை மேலே எடுத்துக்கொண்டேன். "நான் எறங்க மாட்டேன் சார், நீங்களே தொறந்துக்கோங்க" என்றேன். முறைத்தார், பிறகு போய்த் திறந்தார். ஒட்டடைக்குச்சி முழுசாக ஏறி வந்ததும், நடுவில் ஏன் தட்டினீர்கள் என்று கேட்டேன். "நீங்க தட்டாம நான் எப்பக்கா தட்டினேன்?" என்கிறார்.

வெயிலாகவே இருக்கட்டும். நான் சண்டைக்கு வரவில்லை. ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. உன் காலும் இப்படித்தான் போயிருக்கும். அதைத் திருப்புவதற்கு அன்றைக்கு உள்ளிருந்து யாரும் தட்டவில்லை. எல்லோரும் உன்னைக் கேள்வி கேட்டார்கள், மேனேஜரை ஒருவரும் கேட்கவில்லை. இனி யாராவது உன்னைக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என் வாய் எதற்கு இருக்கிறது?

நீ ஊருக்கு வா. பாப்பாவுக்குச் சித்தப்பா முகம் மறந்துகொண்டே வருகிறது. உன் அம்மா சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் சாப்பிட உட்காரும்போது உன் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, பிறகு திரும்ப அடுக்குகிறார். அதைத் தினமும் பார்க்க என்னால் முடியவில்லை.

வரும்போது வாசலில் ஊமை மாதிரி நின்றுகொண்டிருக்காதே. அம்மாவுக்குக் காது மந்தம், பாப்பா தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். நீ விடியும்வரை நிற்க வேண்டியதுதான். கதவைத் தட்டு, தம்பி. இரண்டு தட்டு. உள்ளே நான் இருக்கிறேன், பதிலுக்குத் தட்டுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவுக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கும்,
அண்ணி