உன் 314 இன்னும் வேலைக்கு வருகிறது

என் பிரியமுள்ள தங்கராஜ் மாப்ள,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. தொழிற்சாலையை விட்டு மட்டும் நீ இன்னும் போகவில்லை. போன வாரம்கூட பதினோரு புஷ்ஷைக் கெடுத்திருக்கிறாய். துளை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டதாம். தட்டில் கட்டிய சீட்டில், கேட்டில் நீ காட்டுகிற பித்தளை வில்லையின் நம்பர்தான் இருக்கிறது. 314.

மஞ்சள் காமாலையில் நீ செத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆகஸ்ட் மழையில் உன் குழிக்குள் தண்ணீர் நின்றது, அதை வாளியால் இறைத்தவனும் நான்தான். ஆனாலும் அந்தச் சீட்டுகளைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். அப்படி எழுதியிருக்கிறார்கள். 'எழுதியிருக்கிறார்கள்' என்பதும் பொய்தான். எழுதியிருக்கிறோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ படுக்கையில் விழுவதற்கு முந்தின மாதம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? புது மேனேஜர் காலேஜில் ஹாக்கி ஆடினவர். தொழிற்சாலையும் ஒரு டீம்தான், ஜெயிக்கிற பழக்கம் வந்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று அரை மணி நேரம் பேசினார். அன்றிலிருந்து ஷிப்டுக்கு ஷிப்ட் போட்டி. நல்ல பீஸுக்குப் புள்ளி, கழித்த பீஸுக்குப் புள்ளி வெட்டு. மாதம் ஜெயிக்கிற ஷிப்டுக்கு ஒரு ஷீல்டும் ஆளுக்கு ஒரு பொட்டலம் பால்பேடாவும். நீ பலகையைப் பார்த்துச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. டிப்ளமா படித்தவன், அளவெடுக்கிற வேலையில் இருக்கிறவன், எண்ணிப் பார்க்கிற எதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புஷ் என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை நம் மன்றத்துப் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் தண்டு உள்ளே உட்கார்ந்து சுழல்கிற உலோக வளையம் அது. துளை சிறிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கடைந்து சரி செய்யலாம். பெரிதாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். யார் கடைந்தார்களோ அவர்களுடைய வில்லை நம்பர் சீட்டில் ஏறும், அந்த ஷிப்டுக்குப் புள்ளி குறையும்.

செத்தவன் எந்த ஷிப்டிலும் இல்லை. அவன் நம்பரில் கழிவு ஏறினால் யாருக்கும் புள்ளி குறையாது. இந்த ஓட்டையை யார் முதலில் கண்டுபிடித்தது என்று கேட்கிறாயா? நம் ஷிப்ட் ஆபீசர் ராமநாதன் சார்தான். மாட்டுங்காவிலிருந்து சந்தனக் கீற்றோடு வருவாரே, குரலை உயர்த்தியே பேசாத மனிதர்.

நீ அடங்கின மறுவாரம் அது. கணபத் மூன்று புஷ்ஷைக் கெடுத்துவிட்டான். அவன் பெண்டாட்டி பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள், அவனுக்குக் கை நிதானத்தில் இல்லை. மாதக் கடைசி. நாம் இரண்டே புள்ளி முன்னால் இருந்தோம். "பூரா ஷிப்ட் முஜே காலி தேகா, சாமுவேல் பாய்" என்றான். ஷிப்டே தன்னைத் திட்டித் தீர்த்துவிடும் என்று அவனுக்குப் பயம். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ராமநாதன் சார் மெல்ல வந்தார்.

"தங்கராஜ் மிஷின்ல அவர் விட்டுட்டுப் போன தட்டு இன்னும் இருக்கோன்னோ? அதோட சேர்த்துடுங்கோ. இருக்கறவாளுக்கு மார்க் போயிடப்படாது. போனவருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கோ?"

நான் சேர்த்தேன். 314 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணபத்துக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். நீ இருந்தால் நீயே சரி என்றிருப்பாய் என்றும் நினைத்துக்கொண்டேன். நீ வாய் திறந்து இல்லை என்று சொல்ல முடியாது என்ற தைரியத்தில் நினைத்தது அது.

இன்னொன்றும் கேள். நீ உண்மையில் விட்டுப்போன தட்டில் இருபத்திரண்டு புஷ் இருந்தன. கடைசி நாள் கண் மஞ்சளாகி, நிற்க முடியாமல் மிஷினைப் பிடித்துக்கொண்டு கடைந்தாயே, அதே தட்டு. இருபத்திரண்டையும் நான் துளை அளக்கிற கேஜ் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடக் கழியவில்லை. அவை மட்டும் ஷிப்ட் கணக்கில் ஏறின. நல்லது எங்களுக்கு, கெட்டது உனக்கு.

அந்த மாதம் ஜெயித்தோம். பேடாப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் மகள் சாந்தி தின்றாள். தின்றுவிட்டு விரலை நக்கினாள்.

அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கக்கூட இல்லை. இரண்டு ஷிப்ட்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். கை தவறினால் 314. டூல் மழுங்கினால் 314. சாப்பாட்டு நேரத்தில், "இன்னிக்கு தங்கராஜ் ஓவர்டைம்ல" என்று உன் ஊர்க்காரனே சொல்லிச் சிரிக்கிறான். இரண்டாம் மாதம் நான் மறுத்துப் பார்த்தேன். முதல் சீட்டு யார் கையெழுத்து என்று கேட்டார்கள். அடுத்த சீட்டிலும் 314 என்றே எழுதினேன்.

செம்பூர் மேட்சை நினைக்காமல் இருக்க முடியவில்லை, மாப்ள. தாராவியில் தோல் கிடங்குக்குப் பின்னால் ஞாயிறுதோறும் நாம் ஆடின சடுகுடுவுக்கு நடுவர் என்று எப்போது இருந்தார்? தொடுபட்டவன் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே போய் உட்கார வேண்டும், அதுதான் வழக்கம். செம்பூர்க்காரர்களோடு ஆடினபோது கடைசியில் மிஞ்சியது அவர்கள் பக்கமும் இரண்டு பேர், நம் பக்கமும் இரண்டு பேர், நீயும் நானும். பாடி வந்தவனின் கால்விரல் உன் கணுக்காலில் உரசியது. நான் பார்க்கவில்லை. சுற்றி நின்ற கூட்டம் பார்க்கவில்லை. உரசினவனுக்கே தெரியாது, வெறுங்கையோடு போகிறோம் என்றுதான் அவன் திரும்பி நடந்தான். நீ கையைத் தூக்கினாய். தனியாக நின்ற நான் அடுத்துப் பாடிப் போனேன், அமுக்கிவிட்டார்கள். தோற்றோம்.

அன்று உன்னைக் கண்டபடி திட்டினேன். நீ என்ன பெரிய அரிச்சந்திரனா என்று கேட்டேன். நீ பனியனை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய்.

"தோத்தாச்சு மச்சான். கால் கழுவிட்டு டீ குடிப்போம், வா."

நான் டீயும் குடிக்கவில்லை. நாலு நாள் சயானில் உன்னோடு ரயில் ஏறவில்லை, குர்லாவில் மாறும்போது பார்த்தும் பார்க்காத மாதிரி போனேன்.

இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. நம் ஆட்டத்தில் தோற்க முடிந்தது. தோற்றால் கால் கழுவினால் போதும், அடுத்த ஞாயிறு அதே மண்ணில் நிற்கலாம். மேனேஜர் ஆட்டத்திலிருந்து ஜெயிப்பதை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்து கேட்டில் மாட்டிவிட்டார். கணபத்தால் அங்கே மூன்று புஷ் தோற்க முடியவில்லை. தோற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு உன்னைப் பிடித்தோம். ஹாக்கி ஆடின மனிதருக்கு இதுகூடத் தெரியாதா? அல்லது தெரிந்துதான் பலகையை வைத்தாரா? எனக்கு விளங்கவில்லை.

இனி எஸ்தர் விஷயம். வேலையில் இருக்கும்போது இறந்தவன் மனைவிக்குப் பேக்கிங் செக்ஷனில் வேலை கொடுப்பது வழக்கம் அல்லவா? மனு எழுதிக் கொடுத்தாள். போன திங்கள் பதில் வந்தது. கணவரின் வேலைப் பதிவு திருப்தியாக இல்லை, ஆகவே பரிசீலிக்க இயலாது. ஆபீசில் 314-இன் கழிவை மட்டும் கூட்டியிருக்கிறார்கள், சீட்டின் தேதியை யாரும் பார்க்கவில்லை.

அடுப்படியில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அவிய வேல சரியில்லன்னு எழுதிருக்காவ. செக்கிங்ல நீதான இருக்க, அண்ணே? ஒனக்குத் தெரியாமலா?"

என் கூடப்பிறந்தவள், மாப்ள. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

மறுநாள் ராமநாதன் சாரிடம் போனேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. எழுதினவர் கைத்தவறுதலாக நம்பர் மாற்றி எழுதிவிட்டார் என்று ஒரு குறிப்பு போட்டால் உன் பதிவு சுத்தமாகிவிடும், எஸ்தருக்கு வேலை கிடைத்துவிடும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. பலகையில் ஏறின புள்ளிகளைத் தொடக் கூடாது. இந்த மாதமும் நம் ஷிப்ட்தான் முன்னால் இருக்கிறது, சனிக்கிழமை ஷீல்டு வாங்க வேண்டும்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அது போதும் போலிருந்தது. வேலை கிடைத்தால் சரி. எஸ்தரிடம் வந்து சொன்னேன்.

"கைத்தவறுன்னா, யாரு கைன்னு எழுதுவாவளா?"

எழுத மாட்டார்கள் என்றேன்.

"அப்போ நாளைக்கு நான் அங்க போயி நின்னா, இவ புருசன் கெடுத்ததத்தான் பாவம்னு மறைச்சிட்டாவன்னு பேசுவாவ. அந்த வேல எனக்கு எதுக்குண்ணே?"

சாந்திக்குத் தலை பின்னப் போய்விட்டாள்.

மூன்று நாளாகக் கழிவுச் சீட்டுக் கட்டுகளைப் பிரித்து உட்கார்ந்திருக்கிறேன். உன்னை அடக்கம் செய்த தேதிக்குப் பிறகு 314 என்று எழுதின ஒவ்வொரு சீட்டையும் தனியாக எடுத்துவிட்டேன். அன்றன்று எந்த மிஷினில் யார் நின்றார்கள் என்பது டைம் ஆபீஸ் புத்தகத்தில் இருக்கிறது. கணபத்திடமும் சொன்னேன். முதலில் கெஞ்சினான், பிறகு திட்டினான், கடைசியில் தன் மூன்று புஷ்ஷையும் தன் நம்பரிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மற்றவர்கள் என்ன செய்வார்களோ, தெரியாது. கல்லெடுத்து எறிந்தாலும் எறிவார்கள். எஸ்தருக்கு வேலை கிடைக்குமா என்றும் தெரியாது. எனக்கு வேலை மிஞ்சுமா என்பதும் அப்படித்தான்.

சனிக்கிழமை சைரன் ஊதி எல்லோரும் கேட்டில் கூடின பிறகு, மேனேஜர் ஷீல்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால், நான் கையைத் தூக்குவேன். முதல் சீட்டு என்னுடையது என்று சொல்வேன். உன் நம்பரை உன்னிடம் திருப்பித் தருவேன். இதை நம் மன்றத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இது அச்சாகி வருவதற்குள் அந்தச் சனிக்கிழமை கடந்திருக்கும். நான் கையைத் தூக்கவில்லை என்றால், இதைப் படிக்கிற யாரும் தாராவியில் என்னை நிறுத்தி முகத்துக்கு நேராகக் கேட்கலாம்.

அது முடிந்ததும் கால் கழுவிவிட்டு, அன்று நீ கூப்பிட்ட டீயைக் குடிக்கப் போவேன்.

உன்னோடு ரயில் ஏறாமல் போன,
எஸ்தருக்கு அண்ணனும் உனக்கு மச்சானுமான
சாமுவேல்