மழையில் நனையாத அட்டை

அக்கா,

உங்கள் வேதப் புத்தகத்தின் உறையில் ஜிப்பை இழுத்ததும் முதலில் வந்தது தலைவலித் தைல வாசனைதான். நான் நர்ஸாக இருந்த ஐசியுவில் மருந்து நெடி, பினாயில் நெடி எல்லாவற்றையும் தாண்டி, நீங்கள் வருவதை அந்த வாசனைதான் எனக்குச் சொல்லும். உங்களை அடக்கம் செய்து இரண்டு மாதம் ஆகிறது. தைலம் மட்டும் இன்னும் போகவில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் மகள் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். "அம்மா உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க ஆன்ட்டி. எனக்குத் தமிழ் வாசிக்க வராதுல்லா, சும்மா காலி-பீலி என்கிட்ட எதுக்கு?" என்றாள். சயானில் ரயில் ஏறினேன். டோம்பிவிலி வரை ஜன்னலோரம் இடம் கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமைப் பாக்கியம். புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினேன். உறையின் உள்பையில் ஒரு சின்ன அட்டை இருந்தது. பின்பக்கம் பென்சிலில் என் பெயர், உங்கள் கையெழுத்தில். திருப்பினேன். ஒரே ஒரு வரி. வாசித்தேன், திரும்பவும் வாசித்தேன். பாண்டுப் ஸ்டேஷன் வந்தபோதும் அதே வரியில்தான் இருந்தேன்.

மழையில் நனைந்து போய்விட்டது என்றீர்களே அக்கா, அந்த அட்டை. ஒரு சொட்டு ஈரம் பட்ட அடையாளம் அதில் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் இருந்த இருப்பு உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு மதியம் அழுக்குத் துணி போடும் அறையில், போர்வை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். காலில் கிடந்த ஷூவின் நாடா அவிழ்ந்திருந்தது. அதைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்குக் கை எழவில்லை. அழுகையும் வரவில்லை. அன்று காலை ஒரு பையன் என் கையைப் பிடித்து, அவனுடைய அப்பா பிழைத்ததற்கு நன்றி சொன்னான். அவன் எந்தப் படுக்கைக்காரரின் மகன் என்பதே எனக்கு நினைவில் வரவில்லை. பன்னிரண்டு வருஷ நர்ஸ் வேலை என்னை அந்த மூட்டை மேல் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

நீங்கள் துணி எடுக்க வந்தீர்கள். மருத்துவமனைக்கே நீங்கள் மாவ்ஷி; கழுவுவதும் துடைப்பதும் மூட்டை தூக்குவதும் உங்கள் வேலை. நான் சிஸ்டர். "என்ன சிஸ்டர், மேலுக்குச் சொகமில்லியா?" என்று கேட்டீர்கள். குனிந்து என் ஷூ நாடாவைக் கட்டிவிட்டீர்கள். ஒரு காலுக்குக் கட்டி, நன்றாக இருந்த மறுகாலையும் அவிழ்த்துக் கட்டினீர்கள். "ரெண்டும் ஒண்ணுபோல இருக்கட்டும். எந்திரிட்டி, சாயா குடிக்கலாம்" என்றீர்கள். அந்த 'எந்திரிட்டி'யில்தான் நான் உங்களுக்குத் தங்கச்சி ஆனேன்.

வருஷப் பிறப்பன்று காலை என்னைத் தாராவியில் உங்கள் சபைக்கு இழுத்துப் போனீர்கள். நான் பேருக்குத்தான் கிறிஸ்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கம் என்பதும், கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி என்பதும்தான் என் விசுவாசம். ஆராதனை முடிந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்தார்கள். சபைப் பெண்கள் கையால் வசனம் எழுதி, கவிழ்த்து அடுக்கிய தட்டு. எது கைக்கு வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் நம்மிடம் பேசும் பேச்சு. கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். எடுத்து என்ன செய்ய? நான் படித்ததெல்லாம் இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேச வரும், எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். உங்களிடம் நீட்டினேன். எட்டாம் வகுப்புப் படித்த மாவ்ஷி வாசிக்க, பி.எஸ்சி. படித்த சிஸ்டர் நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நீங்கள் உடனே வாசிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தீர்கள். பிறகுதான் வாசித்தீர்கள். களைத்துப்போனவர்களை அருகில் கூப்பிட்டு இளைப்பாற வைக்கும் அந்த வசனம். அழவே வராது என்றிருந்த நான் அத்தனை பேர் நடுவில் அழுதேன். என் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. "பாத்தியா, ஒன்னத்தான் கூப்புடுதாரு" என்றீர்கள். பின்பக்கம் என் பெயரை எழுதி, "நீ தொலைச்சுப்புடுவ, எங்கிட்ட இருக்கட்டும்" என்று உங்கள் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் மறுமாதம் ஐசியு வேலையை விட்டேன். வீட்டில் என்ன சண்டை நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். "கடவுள் சொன்னாரு" என்று அம்மாவிடம் வாதாடினேன். மூன்று மாதம் தூங்கினேன், சாப்பிட்டேன், உங்களோடு உட்கார்ந்து ஜெபித்தேன். நான்காம் மாதம் சபையில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்க்கப் போகும் குழுவோடு போனேன். ஒரு கிழவரின் முதுகுப் புண்ணைக் கழுவிக் கட்டும்போது, "வலிக்குதா தாத்தா?" என்று கேட்டேன். பதில் தெரிய வேண்டும் என்று உண்மையாகவே கேட்டேன். அன்றுதான் நான் திரும்பி வந்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அன்று தொடங்கியதுதான், தாராவிச் சந்துகளில், ஆண்டாப் ஹில்லில், புண் கட்டுவதும் சிறுநீர்க் குழாய் மாற்றுவதுமாக எட்டு வருஷம்.

வேதத்தை நானே வாசிக்க வேண்டும் என்று குழந்தைகளின் அரிச்சுவடியை வைத்து ரயிலிலேயே தமிழ் எழுத்து படித்தேன். லேடீஸ் டப்பாவில் எத்தனை பேர் சிரித்தார்கள். உங்களிடம் ஓடி வந்து, "அக்கா, இப்ப என் அட்டையைக் குடுங்க, நானே வாசிச்சுக் காட்டுறேன்" என்று நின்றேன். உங்கள் முகம் ஏன் அப்படிப் போனது என்று அன்று எனக்குப் புரியவில்லை. "அது போன மழையில நனைஞ்சு போச்சுட்டி. வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி நின்னுச்சுல்லா" என்றீர்கள். தண்ணீர் நின்றது உண்மை. வாளி வாளியாக இறைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அட்டையில் இருப்பது நீங்கள் வாசித்த வசனம் இல்லை. கலப்பையில் கை வைத்த பிறகு திரும்பிப் பார்க்கிறவனைப் பற்றிய கண்டிப்பான வசனம். விட்டுப் போகாதே என்று சொல்லியிருக்கிறது. நீங்கள் எனக்கு வா, உட்கார் என்று வாசித்தீர்கள்.

ஞாயிறிலிருந்து உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று சொல்லித் தீராது. நான் கடவுள் என்று நினைத்து அழுதது உங்கள் குரலுக்கா? அம்மாவிடம் நான் சொன்னது பொய்யா? நோயாளிகளை விட்டு ஓடாதே என்று எனக்கு வந்த கட்டளையை மறைத்து, நீங்களே என்னை ஓட வைத்தீர்களா? எழுத்துத் தெரியாதவள் என்று என்னை ஏமாற்றிவிட்டீர்கள். அதற்கு மேல் மழை என்று இன்னொரு பொய். கிழித்துப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. வசனத்தைக் கிழிக்க உங்களுக்குக் கை வரவில்லை, மாற்றி வாசிக்க மட்டும் வாய் வந்தது. கடைசியில் புத்தகத்தை என்னிடம் கொடுக்கச் சொன்னீர்கள், நான் வந்து சண்டை போட முடியாத இடத்துக்குப் போன பிறகு.

திங்கள்கிழமை நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. இனி வரமாட்டேன் என்று பாஸ்டருக்குச் செய்தி தட்டி, அனுப்பாமல் வைத்திருந்தேன். செவ்வாய் காலை, நான் புண்ணுக்குக் கட்டு மாற்றும் ஞானம்மாவின் மருமகள் போன் செய்தாள். "கட்டு நனைஞ்சு நாறுது, கிழவி உங்களத் தவிர யாரையும் தொட விடமாட்டேங்கா" என்றாள். போனேன். புண்ணைக் கழுவி முடித்ததும், ஞானம்மா வழக்கம்போலத் தலைமாட்டில் ஒட்டியிருந்த இந்த வருஷத்து அட்டையைக் காட்டினாள்.

"அத வாசி தாயி."

வாசித்தேன்.

"மீதியையும் வாசி. அதுல ரெண்டு வரி இருக்கு. நீ எப்பவும் ஒரு வரி நேரந்தான் வாசிக்குத."

மேல் வரி, கூடவே இருப்பேன் என்பது. கீழ் வரியில் சாவு என்ற சொல் வருகிறது. ஜனவரியிலிருந்து அதை நான் விட்டுவிட்டுத்தான் வாசித்திருக்கிறேன், அக்கா. படுக்கையில் கிடப்பவளிடம் எதற்கு என்று.

"எனக்கு எழுத்துதான் தெரியாது, எண்ணத் தெரியும்" என்றாள் ஞானம்மா. வாசித்தேன். கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள். "சரியாத்தான் சொல்லுதாரு. இதப் போயி ஒளிச்சு வச்சியே" என்றாள். அவ்வளவுதான், பிறகு வெற்றிலை கேட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் உங்கள் கண்ணாடியைத்தான் நினைத்தேன். அதைத் துடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் போர்வை மூட்டை மேல் கிடந்த என்னைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரியை அன்று அப்படியே வாசித்திருந்தால் மறுநாளும் டியூட்டிக்குப் போயிருப்பேன். இன்னொரு நாள் நான் அப்படி விழும்போது அந்த ஷூவைக் கட்ட நீங்கள் வந்திருப்பீர்களோ, வராமல் போயிருப்பீர்களோ. இது எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை. என்னை நம்பி நீங்கள் வாசித்திருக்கலாம். முடியவில்லை என்றால், நான் தமிழ் படித்து வந்து நின்ற அன்றாவது கொடுத்திருக்கலாம். மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. நம் இருவரில் ஒருத்தி பொய் சொன்னது போதும்.

பாஸ்டருக்கு எழுதிய செய்தியை அழித்துவிட்டேன். இந்த எட்டு வருஷமாக நான் கை வைத்திருக்கிற கலப்பை எது என்று எனக்குத் தெரியும். அதை விட்டுப் போகலாம் என்று என்னைக் கிளப்பியதும், போகாதே என்று பிடித்து நிறுத்தியதும் இந்த ஒரே அட்டைதான். அதைக் கொண்டுவந்தது நீங்கள்தானா, கடவுளா என்று நான் யாரிடம் கேட்பது? அதை இப்போது என் ரயில் பாஸோடு வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் ஞானம்மாவுக்குக் கட்டு மாற்ற வேண்டும். இரண்டு வரியையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் தங்கச்சி