ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

மார்ச் 4

அன்புள்ள லிஃப்ட் மெக்கானிக்குக்கு,

இங்கே எல்லோரும் நலம். பேரப்பிள்ளைகள் இரண்டும் முறை வைத்துக்கொண்டு அழுகின்றன. எனக்கு இடுப்பு நிமிரவில்லை. ஃபோனில் பேசினால் மகள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்தனுப்பிய பையின் உள்ஜிப்பில் ஒரு பரிசோதனைச் சீட்டு இருந்தது. உங்கள் பெயர், போன வருஷம் ஜூன் தேதி. முப்பது வருஷம் டைப் அடித்தவளுக்கே வாயில் நுழையாத வார்த்தைகள். அடியில் ‘உடனே வரவும்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. என்ன இது? இந்த வயதில் மறுபடி கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நீங்கள் என்னிடம் மறைத்தது சிகரெட் ஒன்றைத்தான் என்று நினைத்திருந்தேன்.

உங்கள்
டைப்பிஸ்ட்

மார்ச் 15

என் டைப்பிஸ்ட் அம்மாவுக்கு,

அது ஒன்றுமில்லை. அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று பார்த்தது. அந்த டாக்டர் எதற்கெடுத்தாலும் உடனே வா என்பவர். முதுகுதான் ஒரு மாதமாகப் படுத்துகிறது. நாலாவது மாடியில் நின்றுபோன லிஃப்டோடு மல்லுக்கட்டியதில் பிடித்திருக்கும். நீ இல்லாத வீட்டில் ரேடியோவைத் தவிர யாரும் என்னைத் திட்டுவதில்லை. சீக்கிரம் வா.

அன்புடன்,
மெக்கானிக்

மார்ச் 27

உங்களுக்கு,

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம் அந்தச் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார். “அப்ப சின்னதா, சுரப்பிக்குள்ளயேதான் இருந்திருக்கு. ஆபரேஷன் எப்ப ஆச்சு?” என்று கேட்டார். ஆகவில்லை, எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். உங்கள் மனைவி என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

முதுகுவலி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. கடிதம் கிடைத்த அன்றே போய்க் காட்டுங்கள். ஏன் மறைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த முறை பொய் வேண்டாம்.

டைப்பிஸ்ட்

ஏப்ரல் 12

அன்புள்ள உனக்கு,

போனேன். முதுகெலும்புக்குப் பரவிவிட்டதாம். இனி கத்தி வைத்துப் பயனில்லை, ஊசியும் மாத்திரையும் கொடுத்துச் சில வருஷம் தள்ளலாம் என்கிறார்கள்.

கேட்டாய், சொல்கிறேன். ஆபரேஷன் செய்தால் அதற்குப் பிறகு தாம்பத்தியம் முன்போல இருக்காமல் போகலாம் என்று டாக்டர் அப்போது சொன்னார். அதற்கும் மருந்து இருக்கிறது, மனைவியைக் கூட்டி வாருங்கள், மூவரும் பேசுவோம் என்றார். நான் அங்கிருந்து எழுந்து வந்தவன் திரும்பிப் போகவில்லை.

பன்னிரண்டு வருஷம் தனியாகக் கிடந்தவன் நான். நீயும் அப்படித்தான். அறுபது வயதில் இதெல்லாம் மறுபடி கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்? முதல் வாரம் நீ கேட்டாயே, “இவ்வளவு வருஷம் எங்க இருந்தீங்க?” என்று. அதை இழந்துவிட்டு உன் பக்கத்தில் படுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இப்போது போடும் ஊசி அந்த ஆசையையே அணைத்துவிடுமாம். எதைக் காப்பாற்ற ஓடினேனோ அதுவும் போயிற்று.

மன்னித்துவிடு.

ஏப்ரல் 20

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். மகள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

அந்த வார்த்தை நான் சொன்னதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதையும் உங்களையும் தட்டில் வைத்து எது வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால், யோசிக்க எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. நீங்கள் கேட்கவே இல்லை. எனக்காக என்று சொல்லி, நான் இல்லாமலே முடிவெடுத்துவிட்டீர்கள்.

என் மேலும் தப்பு இருக்கிறது. ராத்திரியில் நீங்கள் அஞ்சு தடவை எழுந்து போனதையும், திரும்பி வந்து முதுகைக் காட்டிப் படுத்ததையும் பார்த்தேன். அலுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று ரோஷப்பட்டுக்கொண்டு நானும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். நானாவது கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை. அதைத் தீர்த்துக்கொள்ள நமக்கு எத்தனை வருஷம் இருக்கிறது என்றும் தெரியவில்லை. அதனால்தான் மாதக் கடைசி வரை காத்திருக்காமல் வருகிறேன்.

உங்கள்
மனைவி