நான் செய்யாத சமாதானம்

மே 4, 1888

என் பெயரில் ஓர் அநியாயம் நடக்கிறது. அதை முதலில் எழுதிவைக்கிறேன்.

உள்நாட்டுப் போரில் மாண்டவர்களின் கல்லறைகளுக்கு மலர் வைக்கும் நாள், இந்த மாதம் முப்பதாம் தேதி. அன்று நீதிமன்றத்துக்கு எதிரே எனக்குச் சிலை திறக்கிறார்கள். ‘பகை மறந்து நாட்டை இணைத்தவர்’ என்று பீடக் கல்லில் வெட்டியாகிவிட்டது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, எங்களை எதிர்த்துச் சண்டையிட்ட பழைய அதிகாரிகள் விருந்தினராக வருகிறார்கள். அவர்கள் முகம் கோணக்கூடாது என்பதற்காகக் கறுப்பின வீரர்கள் ஊர்வலத்தில் வரக்கூடாதாம். ஓடையோரத்தில் இருக்கும் அவர்களுடைய கல்லறைகளுக்கு மலரும் கிடையாதாம்.

அவர்களைப் படையில் சேர் என்றவன் நான். சேர்த்தபின், வெள்ளையருக்குக் கொடுக்கும் சம்பளத்தையே இவர்களுக்கும் கொடு என்று செனட்டில் இரண்டு குளிர்காலம் தொண்டை கிழியக் கத்தினேன். போர் முடிந்தபின், தெற்கிலிருந்து ராணுவத்தை எடுக்காதே, எடுத்தால் அவர்கள் ஓட்டு பறிபோகும் என்றேன். அதற்காகவே என் கட்சி என்னை மறுபடி வாஷிங்டனுக்கு அனுப்பவில்லை.

இணைத்தவனாம்!

மே 6

வாரனை மேலே வரச்சொன்னேன். மகள் லவீனியாவின் கணவர், இந்த வீட்டின் எஜமானர், நவம்பரில் காங்கிரஸ் தேர்தலுக்கு நிற்பவர். சிலைக் குழுவின் தலைவரும் அவரே.

“மாமா, இருபத்து மூணு வருஷமாச்சு. இன்னும் சண்டை போடணுமா?”

“அவங்களோட நான் எப்ப சமாதானம் ஆனேன்? தேதி சொல்லுங்க.”

“ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு, மாமா. உங்களுக்கு ஒரு சிலை வேணும்னா—”

“நான் கேட்டேனா?”

அவர் சிரித்துக்கொண்டே என் போர்வையைச் சரிசெய்தார். என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞனின் வாயை அடைக்க இதைவிட மோசமான வழி உண்டா? எழுந்து கதவைச் சாத்தக்கூட முடியாது. போன இலையுதிர் காலத்தில் இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துப்போனது. அதிலிருந்து இந்த மாடி அறைதான்.

மே 8

பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்த மறுப்பு இன்றும் வெளிவரவில்லை. ஆசிரியர் வெளியூர் போயிருக்கிறார் என்கிறார் வாரன். அந்த ஆசிரியரின் சிரிப்பு கீழே கூடத்திலிருந்து கேட்கிறது.

மே 9

எஸ்ரா டாலிவர் சவரத்துக்கு வந்தான். ஊரின் நல்ல முடிதிருத்துபவன். போரில் கறுப்பினப் படைப்பிரிவில் சார்ஜென்டாக இருந்தவன். கத்தி கழுத்தில் இருக்கும்போதே சொன்னேன்.

“நான் செத்தா உங்க ஓடையோரத்துலதான் என்னைப் புதைக்கணும். அப்ப எப்படி ‘இணைத்தவர்’னு சொல்வாங்க, பார்க்கலாம்.”

“ஆடாம இருங்க, ஐயா. இப்பவே அனுப்பிடப் போறேன்.”

“நெசமாத்தான் சொல்றேன்.”

“நெசமா சொல்றீங்கன்னுதான் பயமா இருக்கு.” நுரையைத் துடைத்தான். “அது எங்க சங்கத்து நெலம். நான் ஒருத்தன் சரின்னா ஆகாது. ஓட்டு எடுக்கணும்.”

“எடு.”

“பெட்டிக்குள்ள ஆளுக்கொரு கோலிக்குண்டு போடுவோம். வெள்ளைன்னா சரி. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் இல்லைன்னு அர்த்தம். எங்களுக்குன்னு சங்கம் வெச்சோம், விதியை மட்டும் உங்காளுங்ககிட்ட வாங்கிட்டோம்.”

இருவரும் சிரித்தோம். எனக்கு வெள்ளைக் குண்டுகள்தாம் விழும் என்பதில் சந்தேகமே வரவில்லை.

மே 16

ஒரு கறுப்புக் குண்டு.

மே 17

நேற்று அதற்கு மேல் எழுதவில்லை. நடந்ததை இன்று எழுதுகிறேன்.

“யாருன்னு தெரியுமா?” என்று சவரத்துக்கு வந்த எஸ்ராவிடம் கேட்டேன்.

“தெரியும். நான்தான்.”

என் முகத்தில் பாதி நுரை. எழுந்து போகவும் முடியாது, அவனைப் போகச் சொல்லவும் முடியாது.

“ஐயா, நீங்க அங்க படுத்தா அது உங்க கல்லறைத் தோட்டம் ஆயிடும். நாளைக்கே இரும்பு வேலி போட்டு, கல்லு நட்டு, உங்களைப் பார்க்க வண்டி வண்டியா வருவாங்க. எங்க பசங்க அத்தனை பேரும் உங்களைச் சுத்தி நிக்கிற செடிகொடி ஆயிடுவாங்க. இப்ப அவங்களுக்குப் பேராவது இருக்கு.”

“நான் உங்களுக்காகத்தானே—”

“உங்க மருமகனோட சண்டைக்கு எங்க மண்ணைக் கேக்கறீங்க.”

மீதிப் பாதியையும் ஒழுங்காகச் சவரம் செய்துவிட்டுத்தான் போனான்.

என்ன திமிர்! யாருக்காக இத்தனை வருஷம் அடிபட்டேன்? கட்சியும் என்னை வேண்டாம்னுச்சு, வீட்டிலயும் என் பேச்சு எடுபடல, இப்ப செத்தவங்ககூட இடம் இல்லைங்கறாங்க. நான் எங்கேதான் போறது? உயிரோட இருக்கும்போதும் இந்த ரூம்தான், செத்தா அந்தக் கல்லுதானா?

மே 19

அவன் சொன்னதில் தவறு தேடிப் பார்த்தேன். மூன்று நாளாயிற்று. கிடைக்கவில்லை. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

மே 21

ஊர்வல ஒழுங்கைப் பற்றிப் பேச வாரன் வந்தார். என்னை நாற்காலியில் வைத்து முன்னால் தூக்கிச் செல்வார்களாம். பின்னால் வாத்தியக் குழு, விருந்தினர், போர்வீரர் சங்கம், பள்ளிப் பிள்ளைகள். ஆலைத் தெரு முனையில் வலப்பக்கம் திரும்பிப் பெரிய கல்லறைத் தோட்டம், அங்கிருந்து சிலைக்கு. கௌரவிக்கப்படுபவருக்கு முன்னால் யாரும் காலெடுத்து வைப்பதில்லை என்பது இந்த ஊர் வழக்கம். தன்னைத் தூக்குபவர்களை அவரே தேர்ந்தெடுப்பதும் வழக்கம்.

“யாரு தூக்கணும்னு நீங்களே சொல்லுங்க, மாமா.”

வேண்டுமென்றேதான் சொன்னேன், அவர் முகம் கறுப்பதைப் பார்க்க: “எஸ்ரா டாலிவர். அவனோட மூணு பேர்.”

முகம் கறுக்கவில்லை. “ரொம்ப நல்லது! வேலைக்கு ஆளுங்க இருக்கறது சௌகரியம். நம்ம கிழவங்க எல்லாருக்கும் முதுகுவலி.”

கீழே போய்க் குழுவினரிடமும் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. கறுப்பின வீரர்கள் ஊர்வலத்தில் கூடாது. ஆனால் நான்கு கறுப்பர்கள் ஒரு வெள்ளைக் கிழவனைத் தூக்கினால் அது யார் கண்ணிலும் ஊர்வலமாகப் படவில்லை.

அரை மணி நேரம் சும்மா படுத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது. நாற்காலிக்கு முன்னால் யாரும் போகமாட்டார்கள். நாற்காலி போகும் பக்கம்தான் எல்லாரும் வந்தாக வேண்டும்.

மே 23

“ஆலைத் தெரு முனையில இடப்பக்கம் திரும்பிடு” என்றேன் எஸ்ராவிடம்.

கத்தியை வெகுநேரம் தோல்வாரில் தீட்டினான். இடப்பக்கம் போனால் ஓடைதான்.

“வாத்தியக்காரங்க?”

“பின்னாலயே வருவாங்க. வழக்கம்.”

“அக்கரை கர்னல்மாரு?”

“அவங்களும்தான்.”

அவன் சிரிக்கவில்லை. “அதுக்கப்புறம் நான் இந்த ஊர்ல கடை நடத்தணும், ஐயா. உங்களுக்கு எண்பது வயசு. உங்களை என்ன செஞ்சுடுவாங்க?”

சங்கத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டான்.

மே 25

மறுபடியும் பெட்டி. மறுபடியும் காத்திருக்கிறேன். நாற்பது வருஷம் ஓட்டுக் கேட்டவன். முடிவுக்காக இப்படி மணியை எண்ணியதில்லை.

மே 26

எல்லாம் வெள்ளை.

நிபந்தனைகளோடு வந்தான். மேலங்கிக்குள்ளே சீருடை போட்டுக்கொள்வார்கள். முனை திரும்பியதும் மேலங்கியைக் கழற்றுவார்கள். கல்லறைகளின் நடுவே பேசப்போவது நான் இல்லை. பெயர்களை அவன் வாசிப்பான்.

“ஒரு வார்த்தைகூட நான் பேசக்கூடாதா?”

“நீங்க ஆரம்பிச்சா ராத்திரி ஆயிடும், ஐயா.”

ஒப்புக்கொண்டேன். இந்த வாழ்நாளில் நான் செய்துகொண்ட சமரசம் இது ஒன்றுதான்.

மே 29

மாலையில் லவீனியா தோட்டக் கத்தரியோடு மேலே வந்தாள். எஸ்ராவும் நானும் பேசியதெல்லாம் படிக்கட்டில் கேட்டிருக்கிறது. திட்டப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“அங்க எத்தனை கல்லறை, அப்பா?”

“முப்பத்தொண்ணு.”

“ரோஜா போதாது. பக்கத்து வீட்லயும் கேக்கறேன்.”

“வாரன்?”

“அவருக்கு நாளைக்கு நிறைய வேலை. இதையும் சொல்லித் தொந்தரவு பண்ண வேண்டாம்.”

நாளை நடக்க வேண்டியவை:

லவீனியா: பூக்கூடைகளை விடிவதற்குள் ஓடையோரம் சேர்ப்பது. மீதமுள்ள பூ பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு. அங்கே கிடப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

எஸ்ரா: முன்னால் இடப்பக்கம் பிடிப்பது. முனையில் திரும்புவது. யார் கூப்பிட்டாலும் நிற்காமல் போவது. பெயர்களை வாசிப்பது, ஒன்றுவிடாமல்.

மற்ற மூவர்: மேலங்கியைக் கழற்றும்போது நாற்காலியைக் கீழே வைக்காதிருப்பது. ஒருவர் மாற்றி ஒருவர்.

வாரன்: பின்னால் நடந்து வருவது. அதற்கு அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

சிலைக் குழு: அந்த வரியைச் செதுக்கி எடுப்பது. எடுக்கமாட்டார்கள். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

எஸ்ரா கடைக்கு யாரும் வராமல் போனால்: லவீனியா தன் இரண்டு பையன்களையும் வாரந்தோறும் அங்கேதான் முடிவெட்ட அழைத்துப் போவது, பகலில், எல்லாரும் பார்க்க. வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

என்னைப் புதைக்க வேண்டியவர்கள்: என் மனைவிக்குப் பக்கத்தில், குடும்ப நிலத்தில். இனி யாரிடமும் வேறு இடம் கேட்க வேண்டாம்.

நான்: கடைசிப் பெயர் வாசித்து முடியும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.