வயலில் இறங்காத அப்பா

14.6.2009, ஞாயிறு

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக் கடையில் எடுத்து வந்த போர்ப் படத்தை சாயங்காலம் அம்மாவோடு பார்த்தேன். கதை வியட்நாமில் நடக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சண்டை போட்ட நாடு அது.

சிப்பாய்கள் நடவு முடிந்த வயலில் இறங்கினார்கள். நாலடி வைப்பதற்குள் ஒருவன் அலறினான். சேற்றுக்கடியில் மூங்கிலைக் கூராகச் சீவி நட்டு வைத்திருந்தார்கள்.

"நிறுத்து" என்றாள் அம்மா. நான் நிறுத்தியதும், "அதுனாலதான் ஒங்கப்பா வயல்ல காலே வைக்கலையாடி?" என்று கேட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு அப்பா சாகும்வரை வயலில் இறங்கியதில்லை. வரப்போடு சரி. "பிரெஞ்சு துரைக்குச் சேறு ஆகாது" என்று சித்தப்பா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் அதைத்தான் நம்பினாள். அப்பா மறுத்ததே இல்லை. பயந்தவன் என்ற பேரைவிடத் துரை என்ற பேரே மேல் என்று விட்டிருப்பார்.

நாளைக்குச் சித்தப்பாவை உட்கார வைத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டப்போகிறேன். அம்மா வேண்டாம் என்கிறாள். காட்டத்தான் போகிறேன்.

மேலே எழுதியதில் ஒரு தப்பு. அப்பா ஒரே ஒருமுறை இறங்கினார். எனக்கு ஆறு வயது. நண்டு பிடிக்க நடுவயலுக்குப் போய்விட்டேன். கத்திக்கொண்டே ஓடி வந்து தூக்கினார். வரப்பில் ஏறியதும் ஓர் அறை விட்டார். புதுப் பாவாடையைச் சேறாக்கியதற்கு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.