ஐஸில் வைத்த எலும்பு ஊசி

பங்குனி 8, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டைப் படிக்க ஆள் இல்லை. ஆனாலும் எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறுவதைப் பார்த்தால் கேட்கத் தோன்றுகிறது. மண்வெட்டி பிடித்த கை. முதியோர் வகுப்பில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஒரு வரி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. முடித்ததும் வாய்விட்டு ஒரு தரம் படித்துப் பார்க்கிறேன். நான் எழுதியதை நானே படிக்கிறேன்! அந்தச் சந்தோஷம் சொல்லி மாளாது.

வெயில். கிணற்று மோட்டார் அரை மணி நேரம் தண்ணீர் இழுத்தது, அப்புறம் காற்றுதான். கரண்ட் இரண்டு தரம் போனது.

என் வீட்டுக்காரி பாவாயிக்கு ஊசி போட்டாயிற்று. இன்று இடது தொடை. “கோழிக்குக் குத்தற மாதிரி குத்தாதீங்க” என்றாள். தினமும் இதையேதான் சொல்கிறாள்.

தை மாதம் தண்ணீர்க் குடத்தை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. விழவில்லை, அடியும் படவில்லை. முதுகெலும்பில் இரண்டு கணு நசுங்கிவிட்டது. உள்ளே கறையான் தின்ற கட்டை மாதிரி இருக்கிறது என்றார் சேலத்து டாக்டர். மாத்திரை பற்றாது. எலும்பைக் கட்டுகிற பெப்டைடு ஊசி, தினம் ஒன்று, இரண்டு வருடம். பார்க்கப் பேனா மாதிரியே இருக்கிறது. திருகி, தொடையில் வைத்து அமுக்க வேண்டும். ஒரு பேனா ஒரு மாதத்துக்கு.

செலவு. எழுதினால்தான் புரிகிறது.

பேனா ஒன்று ஏழாயிரம். மூன்றாக வாங்கினால் ஆறாயிரம்.
ஊசிமுனை தனி. பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.
சுண்ணாம்புச்சத்து மாத்திரை. ரத்தப் பரிசோதனை. இடுப்புப் பெல்ட்.
சேலம் போக டாக்சி. பஸ் குலுக்கல் அவளுக்கு ஆகாது.
இரண்டு வருடம் முடிந்ததும் வேறொரு மருந்து. அது போடாவிட்டால் கட்டிய எலும்பு திரும்பக் கரையுமாம். இதை மட்டும் நாங்கள் கிளம்பும்போது சொன்னார்.

காப்பீட்டு அட்டையைக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் படுத்தால் செல்லுமாம். வீட்டில் போடும் ஊசிக்குச் செல்லாது.

மாசியில் மஞ்சள் விற்ற பணத்தில் மூன்று பேனா வாங்கிவிட்டேன். பாவாயி விலையைக் கேட்டுவிட்டு, “ஒரு கெடாரிக் கன்னு வாங்கியிருந்தா நாளைக்குப் பாலாச்சும் கறக்குமுங்க. என்னைய வளத்து என்ன ஆவப்போவுது” என்றாள்.

பங்குனி 10, செவ்வாய்

வெயில்தான். தென்னையில் ஒரு மட்டை விழுந்தது, ஆள்மேல் இல்லை.

செந்தில் பேசினான். மகன், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டியோடு வடக்கே இருக்கிறான். எனக்குக் காது மந்தம் என்று போனைச் சத்தமாக வைத்திருந்தேன். பாவாயி பக்கத்துக் கட்டிலில்.

“அய்யா, அம்மாளுக்கு வயசாயிருச்சு. இனி எலும்பு என்னத்த வளரப்போவுது? அந்தக் காசு இருந்தா ரண்டு மாச வண்டி டியூ கட்டியிருப்பனுங்க.”

வண்டியில் பங்கு வாங்க நிலப் பத்திரத்தை அடமானம் வைத்துக் கொடுத்தவன் நான். இதில் என்ன விளையும் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றும் “சரி சாமி” என்று வைத்துவிட்டேன்.

பாவாயி, அவன் சொல்வதும் நியாயம்தானே என்றாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்ப அவளுக்கு வெகுநேரம் ஆனது. நான் கை கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

மீதி இரண்டு பேனாவும் பத்திரம். எங்கள் ஃபிரிட்ஜ் பழசு, கரண்ட் போனால் மருந்து வெந்துவிடும். நடப்புப் பேனா மட்டும் இங்கே. மற்றதை அக்கா மகன் மணியின் கோழிப்பண்ணையில் வைத்திருக்கிறேன். அங்கே மருந்துக்கென்றே ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர். மேலே ஐஸ் உறையும் அறையில் நானே என் கையால் வைத்தேன். மணி அன்று ஊரில் இல்லை. ஆயிரம் கோழிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டவன் நான். ஐஸ் குறைந்தால் மருந்து செத்துவிடும். எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பங்குனி 12, வியாழன்

முதல் பேனா தீர்ந்தது. மணி பண்ணையிலிருந்து இரண்டாவதை எடுத்துவந்தேன். கல். உள்ளங்கையில் வைத்துக் கரைத்தேன். முனை மாட்டித் திருகி அமுக்கினால் மருந்து பக்கவாட்டில் வழிகிறது. உள்ளே கண்ணாடி விரிசல். ஓடிப்போய் மூன்றாவதையும் கொண்டுவந்தேன். அதிலும் விரிசல்.

ஊசி போடவில்லை.

மூன்றாக வாங்கினால் குறைவு என்று ஓட்டை மருந்தைத் தலையில் கட்டிவிட்டான் கடைக்காரன். கிழவன், படிக்காதவன் என்று நினைத்திருப்பான். நாளை போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன். சண்டை கட்ட வேண்டாம் என்கிறாள் பாவாயி.

பங்குனி 13, வெள்ளி

சேலம் போய்வந்தேன். பஸ்ஸில்தான். பலகை எல்லாம் படித்துக்கொண்டே போனேன். மல்லூர். சீலநாயக்கன்பட்டி. அதுவரை நன்றாக இருந்தது.

கடையில் கூட்டம். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டார். ஐஸ் அறையில், கல் மாதிரி வைத்திருந்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

“பெரியவரே, இது உறையவே கூடாதுங்க. ஒருக்கா ஐஸ் ஆயிருச்சுன்னா அப்புறம் வெறுந்தண்ணிங்க.”

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். அன்றே ஏன் சொல்லவில்லை என்றேன். ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேனே என்றார். சொன்னார், உண்மை. அதற்குள் எங்கே என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். இங்கிலீஷ். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் படித்த எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை. எனக்குப் புரிகிற மாதிரி அவர்கள் அடித்திருந்தது விலை மட்டும்தான்.

மாற்றித்தர மாட்டார்கள். பன்னிரண்டாயிரம் தண்ணீர்.

வரும் வழியில் மணியைப் பார்த்தேன். “சொட்டு மருந்து மட்டுந்தானுங்க மாமா மேல வைப்போம். ஊசி மருந்து எப்பவும் கீழ்த்தட்டுதான். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க.” எனக்குத் தெரிந்தது சொட்டு மருந்து மட்டும். அதை வைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்தவன் மாதிரி நடந்திருக்கிறேன்.

பாவாயியிடம் கடை பூட்டியிருந்தது, மாற்றுப் பேனா காலையில் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

பங்குனி 14, சனி

விடிகாலையில் கொஞ்சம் காற்று.

காபி கொண்டுபோனேன். பாவாயி கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருந்தாள். இன்று இடது தொடை முறை. சேலையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கிவிட்டு, பஞ்சையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தினமும் நான் கெஞ்சித்தான் காலைக் காட்டுவாள்.

சொல்லிவிட்டேன். ஐஸ், விரிசல், கடையில் கத்தியது, பூட்டியிருந்தது என்ற பொய், எல்லாம். அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வலி கொறஞ்சுட்டு வந்துச்சுங்க. உங்ககிட்டச் சொல்லல. சொன்னா நின்னுபோயிரும்னு பயம்.”

காபியை நான்தான் குடித்தேன்.

பங்குனி 15, ஞாயிறு

டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தார். சில நாள் விட்டது பரவாயில்லை, உடனே தொடரச் சொன்னார். விட்டதற்குச் சேர்த்து இரட்டையாகப் போடக் கூடாது.

வைகாசி நடவுக்குப் பிரித்து வைத்திருந்த விதை மஞ்சளை விற்றுவிட்டேன். திருச்செங்கோடு பக்கத்து ஆள், வேனோடு வந்தான். அவசரம் என்று முகத்திலேயே தெரிந்திருக்கும், விலையை அடித்தான். எடையும் அவன் தராசில்தான். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். இது ஒரு பேனாவுக்கும் ஊசிமுனைக்கும் காணும். ஒன்றாக வாங்குகிறேன், அதனால் ஏழாயிரம். இல்லாதவனுக்குத்தான் விலை கூடுதல்.

செந்திலுக்குச் சொல்லவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

வேன் போகிற சத்தம் கேட்டு பாவாயி கூப்பிட்டாள். “வெத மஞ்சள வித்துப்போட்டு என்ர எலும்ப நடறீங்களாக்கும்” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நாளை முதல் பஸ். பேனா நடுத்தட்டில், ஐஸ் படாமல். கரண்ட் போனால் மணி பண்ணை ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு, அவனைக் கேட்டுவிட்டு.

அதற்கடுத்த பேனாவுக்கு எதை விற்பது என்று அடுத்த ஞாயிறு எழுதுகிறேன். இன்றைக்குத் தெரியவில்லை.