அழுத கண்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்தால் இடது கண் திறக்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு இமைகளும் உப்பிக் கிடக்கின்றன. அரிப்பு வேறு, சனியன், உயிரை வாங்குகிறது. கையைக் கட்டிப் போட்டால்தான் தேய்க்காமல் இருப்பேன் போல.

அதே முகத்தோடு வேலைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடி விற்கிற கடையில் இப்படி ஒரு கண்! ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்த முதலாளி என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா அழுதுட்டே இருப்பே? போன புள்ள திரும்பியா வரும்?" என்றார். நல்ல மனுஷர். தலையை ஆட்டி வைத்தேன்.

நான் அழவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 5, புதன்

மாடி வீட்டு அக்கா படியில் பிடித்துக்கொண்டாள். "அழு, நல்லா அழுது தீர்த்துடு. உள்ளே வச்சுக்காதே" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைக்க அங்கே என்ன இருந்தது? அரிப்புதான்.

என் ஒரே பெண் போய் நான்கு மாதமாகிறது. வாலு, வாலு என்று கூப்பிட்டே வளர்த்தோம். இருபது வயதிலும் வாலுதான். அவள் போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நான் மூக்கை உறிஞ்சினாலே போதும், "அம்மா, நீ அழுதா மூக்கு மொளகாப்பழம் மாதிரி ஆயிடுது, பார்க்கச் சகிக்கலை" என்று கேலி செய்வாள். அவளுக்குப் பயந்து அடக்கி அடக்கி, இப்போது மொத்தமாக அடைத்துக்கொண்டதா? பெற்றவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை. வெளியே தெரிந்தால் காறித் துப்புவார்கள்.

கண் வீங்கியிருப்பது ஒரு வகையில் சௌகரியமாகத்தான் இருக்கிறது. இதை எழுதவே கூசுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

இவர் என் கண்ணைப் பார்த்தார். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான்கு மாதமாக இதே கதைதான், நான் உள்ளே வந்தால் அவர் வெளியே. மனுஷனா, மரக்கட்டையா? பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியவர்தானே!

கதவைச் சாத்திக்கொண்டு நகத்துக்குப் பூசினேன். கத்திரிப்பூ நிறம், வாலுவின் புட்டி. கடைசி வாரத்தில் படுக்கையில் உட்கார்ந்தபடி எனக்குப் பூசிவிட்டாள். ஒரு விரல் முடிந்ததும் தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொள்வாள். பிறகு அடுத்த விரல். "கையை ஆட்டாதேம்மா, கோழி கிளறின மாதிரி ஆயிடும்."

நகம் வளர வளர அவள் பூசியது நுனியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. அது உரிந்துவிடாமல் இருக்க வாரா வாரம் மேலே ஒரு பூச்சு கொடுக்கிறேன். நகம் வெட்டுவதில்லை. கடையில் கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கும்போது அது இந்த நீள நகத்தில் நிற்காமல் நழுவி ஓடுகிறது, ஓடட்டும். மற்ற விரல்களில் எல்லாம் உடைந்து போய்விட்டது. வலது கட்டைவிரல் நுனியில் மட்டும் ஒரு கீற்று மிச்சம்.

மார்ச் 12, புதன்

மருந்துக்கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்தால் ஒரு மண்ணும் பிரயோஜனமில்லை. இமைத் தோல் செதில் செதிலாக உதிர்கிறது.

மார்ச் 15, சனி

முதலாளியின் நச்சரிப்பு தாங்காமல் தோல் டாக்டரிடம் போனேன். என் வயதுதான் அந்த அம்மாவுக்கும்.

"அரிக்குதா?"

"உயிர் போகுது டாக்டர்."

"அப்ப இது அழுததால வந்தது இல்ல. அழுத கண் வீங்கும், கொஞ்ச நேரத்துல தானா வடிஞ்சிடும். இப்படிப் போட்டு அரிக்காது."

திருடி பிடிபட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. மை போடுவீங்களா, புது சோப்பா, தலைக்குச் சாயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. பிறகு என் கையைப் பார்த்தார்.

"நகப்பூச்சுதான். விரலுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா உடம்புலேயே மெல்லிசான தோல் இமையிலதான் இருக்கு. அந்த விரலால கண்ணைத் தொட்டா அது தாங்காது. நீங்க தேய்க்கத் தேய்க்க இன்னும் மோசமாகும்."

களிம்பு எழுதிக் கொடுத்தார், கொஞ்ச நாளைக்கு மட்டும், மெல்லிசாக. அரித்தால் குளிர்ந்த ஈரத்துணி வைக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. "ஆனா நகத்துல இருக்கிறதை முதல்ல சுத்தமா எடுத்துடுங்க. ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. ஆசையா இருந்தா கால்ல பூசிக்குங்க, காலால யாரும் கண்ணைத் தேய்க்கிறதில்ல" என்று சிரித்தார். நான் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

எடுக்க மாட்டேன். கண் போனால் போகட்டும்.

மார்ச் 19, புதன்

களிம்பு போட்டால் அடங்குகிறது, விட்டால் பழையபடி ஆரம்பித்துவிடுகிறது. இன்று ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் படியில் தடுமாறிவிட்டுத் திரும்பி வந்தார். முதலாளி திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 22, சனி

டாக்டர் சீட்டு இவர் கண்ணில் பட்டுவிட்டது.

"நகப்பூச்சு அலர்ஜியா?"

"ஆமா."

"அப்ப... இத்தனை நாளும் நீ அழலையா?"

"வரலைங்க. என்னன்னே தெரியலை, வரவே மாட்டேங்குது."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும்தான் வரலை. நீ எனக்கும் சேர்த்து அழறேன்னு நினைச்சேன். நடுவுல வந்து உன்னைத் தடுக்கக் கூடாதுன்னுதான் வாசல்ல போய் உட்கார்ந்தேன்."

அட கடவுளே. இந்த மனுஷனையா மரக்கட்டை என்று எழுதினேன்?

"அந்தப் பூச்சை எடுத்துடேன். எதுக்குப் பிடிச்சு வச்சுட்டிருக்கே?" என்றார். கட்டைவிரலை நீட்டினேன். "இந்த நுனி மட்டும் அவ பூசினதுங்க." அவருக்கு இது தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவசரமில்ல" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

நானேதான் சொன்னேன், எடுத்துவிடலாம் என்று. பூச்சை அழிக்கிற மருந்தையும் பஞ்சையும் இவர் வாங்கி வந்தார். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சுண்டுவிரலில் தொடங்கினார். இந்த வேலையெல்லாம் அவருக்கு எங்கே வரும்? பஞ்சு பிய்ந்து விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"கையை ஆட்டாதே" என்றார்.

அவள் சொன்னது இவருக்குத் தெரியாதே — தெரியாமல்தானே சொன்னார் — அதே மாதிரி, அதே அதட்டல்.

கட்டைவிரல் வந்தது. மேலே நான் பூசியதெல்லாம் கரைந்து போனது. அடியில் அவளுடையது தெரிந்தபோது நிறுத்திவிட்டார்.

"இதையுமா?"

"அதையும்."

மார்ச் 24, திங்கள்

கண் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. அரிக்கவில்லை.

இன்று வர முடியாது என்று முதலாளிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். இவரும் வேலைக்குப் போகவில்லை. அலமாரியில் சுத்தமான துணி ஒன்றுதான் இருந்தது. நனைத்துப் பிழிந்து, இரண்டாகக் கிழித்து, ஆளுக்கொன்றாகக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்திருந்தோம்.